பீடத்தை விட்டு இறங்கி வந்த போதகர்: ரொறன்ரோத் தமிழ்ச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய போதகர் ஐயாமாருக்கும் சபைக் கமிற்றியினருக்கும்,

ஸ்தோத்திரம்.

ஒன்ராறியோவில் 2026 அக்டோபர் 26ஆம் திகதி நகரசபைத் தேர்தல். வேட்புமனு மே 1ஆம் திகதி தொடங்கி ஓகஸ்ட் 21ஆம் திகதி முடியும். நம் போதகர்மாரில் ஒருவர் இந்தமுறை வட்டாரத்தில் நிற்கப் போகிறார் என்ற கதை ஸ்காபரோத் தமிழ்க்கடைகள் வரைக்கும் வந்துவிட்டது. ஆளின் பெயரை நான் எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும். இந்த மடலும் எப்படியோ அவருடைய கைக்குப் போய்ச் சேரும்.

அவரைப் பற்றி உங்களுக்குள்ளேயே இரண்டு பக்கம் பிரிந்திருக்கிறீர்கள். “ஊழியக்காரனுக்கு அரசியல் எதற்கு? சாக்கடைக்குள் கால் வைத்தால் நாறத்தானே செய்யும்” என்கிறது ஒரு பக்கம். “எங்கட பிள்ளை, எல்லாச் சபையும் சேர்ந்து தூக்கிவிட்டால் வெண்டிடும்” என்கிறது மற்றப் பக்கம். எனக்கு இரண்டோடும் உடன்பாடில்லை. அவர் நிற்கட்டும். ஆனால் பிரசங்கபீடத்தை விட்டு இறங்கி வந்து நிற்கட்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது.

இந்த நாட்டிலேயே ஒரு பப்ரிஸ்ற் போதகர் அரசியலுக்குப் போனார். அவர் பெயர் ரொமி டக்ளஸ். (டக்ளஸ் என்றதும் யாழ்ப்பாணத்துக்காரருக்கு அரசியல்வாதி டக்ளஸ் தேவானந்தாவின் தாடி நினைவுக்கு வரும். அவர் இல்லை.) 2004இல் சி.பி.சி. தொலைக்காட்சி “கனடியர்களில் மிகப் பெரியவர் யார்” என்று நாட்டு மக்களிடம் வாக்குக் கேட்டபோது, பிரதமர்களையும் ஹொக்கி வீரர்களையும் தள்ளிவிட்டு முதலிடத்துக்கு வந்தவர். நமக்குள் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தவர்களும் “இலவச வைத்தியம் கொண்டுவந்தவர்” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அவர் போதகராக இருந்த காலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அந்தக் காலம்தான் முக்கியமாகப் படுகிறது.

டக்ளஸ் 1904இல் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். சிறுவனாகக் குடும்பத்தோடு வினிபெக்குக்கு வந்தார். நம்மைப் போலக் குடியேறி வந்தவர்தான். வருவதற்கு முன்பே முழங்காலில் பட்ட அடி எலும்புக்குள் புண்ணாகிப் புரையோடியது. வினிபெக்கில் காலை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தகப்பன் இரும்பு வார்ப்புத் தொழிலாளி. பெரிய வைத்தியரிடம் போகக் காசில்லை. அந்த வைத்தியசாலைக்கு வந்துபோன எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர், தன் மாணவர்கள் நின்று பார்க்கச் சம்மதித்தால் இலவசமாகச் செய்து தருகிறேன் என்றார். பெற்றோர் சம்மதித்தார்கள். கால் தப்பியது. அதே கால்களோடு குத்துச்சண்டைக் களத்தில் இறங்கி 1922இலும் 1923இலும் மனிற்றோபா மாகாணத்தின் மென்எடைச் சாம்பியன் ஆனார்.

இதை ஒரு சாட்சியாகச் சொல்லும்படி நம் சபைகளில் ஒருவரைக் கேட்டால் எப்படிச் சொல்வார்? “கர்த்தர் அந்த வைத்தியரை அனுப்பினார், அல்லேலூயா” என்று முடிப்பார். டக்ளஸ் அங்கே முடிக்கவில்லை. ஒரு பிள்ளையின் கால் தப்புவது தகப்பனின் சட்டைப் பையிலோ, அந்த நேரத்தில் அந்த வழியால் போன வைத்தியரின் நல்ல மனத்திலோ தங்கியிருக்கக் கூடாது என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த மற்றப் பிள்ளையின் கதி என்ன என்ற கேள்வி அவரை விட்டுப் போகவில்லை.

1919இல் வினிபெக் பொது வேலைநிறுத்தம் நடந்தது. யூன் 21ஆம் திகதி, இன்றைக்கும் “இரத்தச் சனி” என்று சொல்கிறார்கள், குதிரைப் பொலிஸார் கூட்டத்தின் மீது சுட்டதைப் பதினான்கு வயதுப் பையனாக ஒரு கூரையில் ஏறி நின்று பார்த்தார். பிறகு அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலை. அதன்பின் 1924இல் பிரண்டன் கல்லூரியில் இறையியல். அது பப்ரிஸ்ற்களின் கல்லூரி. மறுமையைப் பற்றிப் பேசுகிற வாயால் கூலியைப் பற்றியும் பேச வேண்டும் என்ற சமூக நற்செய்திச் சிந்தனை அந்தக் காலத்தில் அங்கே வேரூன்றியிருந்தது. கூடப் படித்த ஸ்ரான்லி நோல்ஸும் ஊழியத்துக்கு வந்து, 1941இல் வினிபெக் நகரசபையில் உட்கார்ந்து, அடுத்த ஆண்டே பாராளுமன்றம் போனார். இவர்களுக்கெல்லாம் மூத்தவர் வூட்ஸ்வர்த். மெதடிஸ்ற் போதகராக இருந்து, 1918இல் ஊழியத்தை விட்டு விலகி, 1919 வேலைநிறுத்தத்தில் கைதாகி, 1921இல் பாராளுமன்றம் போனவர். போதகர் அரசியலுக்குப் போவது கனடாவுக்குப் புதிதல்ல என்பதற்காகத்தான் இத்தனை பெயரையும் சொல்கிறேன்.

1930இல் சஸ்காச்சுவான் மாகாணத்தில் வெய்பேர்ண் என்ற சிறு பட்டினத்தின் கல்வாரி பப்ரிஸ்ற் சபைக்குப் போதகராக டக்ளஸ் வந்தார். வந்த நேரம் நல்ல நேரமல்ல. கோதுமை விலை படுத்துவிட்டது. மழை பொய்த்தது. மேல்மண் காற்றோடு எழும்பிப் பகலை இரவாக்கியது. அந்தச் சபையின் நிலக்கீழறையில் நிவாரணத்துக்கு வந்த பழைய உடுப்புக் குவிந்து கிடந்தது. கிழக்கு மாகாணங்களிலிருந்து ரயில் பெட்டிகளில் அப்பிளும் உப்பிட்ட கொட் மீனும் வந்து இறங்கின. புல்வெளிச் சனத்துக்கு அந்தக் காய்ந்த மீனை என்ன செய்வதென்றே தெரியவில்லை. கூரை ஓட்டுக்குப் பதிலாக அடித்தார்கள் என்றுகூடக் கதை உண்டு. ஒரு மன்னார்க்காரி அங்கே இருந்திருந்தால் பட்டினமே மணக்கக் குழம்பு வைத்திருப்பாள்.

அந்த நிலக்கீழறையில் நின்றுதான் அவர் அரசியல் படித்தார். திருட்டில் பிடிபட்டு நீதவான் முன் நிறுத்தப்பட்ட பையன்களைத் தன் பொறுப்பில் எடுத்துக் குத்துச்சண்டை பழக்கினார். வேலையில்லாதவர்களைச் சங்கமாகச் சேர்த்தார். 1931 செப்ரெம்பர் 29ஆம் திகதி, பக்கத்துப் பட்டினமான எஸ்ரவானில் ஊர்வலம் போன நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் மீது பொலிஸார் சுட்டதில் மூன்று பேர் இறந்தார்கள். அந்த வேலைநிறுத்தக்காரர்களுக்கு டக்ளஸ் உணவு சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து அதைப் பற்றிப் பிரசங்கமும் செய்தார்.

ஒரு செய்தியை மட்டும் நீங்கள் நின்று வாசிக்க வேண்டும். பதினான்கு வயதுப் பெண்பிள்ளை ஒன்று. குடல்வால் வெடித்து, நேரத்துக்கு வைத்தியம் கிடைக்காமல் செத்துப் போனாள். அவளை அடக்கம் செய்து வைத்தவர் டக்ளஸ். சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டு வைத்தியமில்லாமல் போய்ச் சேர்ந்த இளம் தகப்பன்மாரையும் அடக்கம் செய்ததாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். நீங்களும் அடக்க ஆராதனை நடத்துகிறவர்கள். குழியருகில் நின்று “கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்” என்று வாசிக்கும்போது, இதை எடுத்தவர் கர்த்தர் இல்லை என்று உள்ளுக்குள் குத்தியதில்லையா? குத்திய அன்றுதான் அந்த மனிதன் அரசியலுக்கு வந்தான் என்பது என் எண்ணம். வேட்புமனு கொடுத்ததெல்லாம் பிறகு.

எடுத்த எடுப்பில் கட்சி தொடங்கவில்லை. அறிவுரை கேட்டு வூட்ஸ்வர்த்துக்கு எழுதினார். அவர் றிஜைனா நகரசபையில் இருந்த கோல்ட்வெல் என்ற பாடசாலை அதிபரிடம் தொடுத்துவிட்டார். 1934 மாகாணத் தேர்தலில் நின்றார், தோற்றார். அதன் பிறகு நடந்ததை அவரே சொல்லியிருக்கிறார்: மேற்குக் கனடாவின் பப்ரிஸ்ற் சபைகளுக்குப் பொறுப்பான மேலதிகாரி வந்து, அரசியலை விடு, விடாவிட்டால் கனடாவில் இனி உனக்கு ஒரு சபையும் கிடைக்காதபடி பார்த்துக்கொள்வேன் என்றாராம். அதுவரை இரண்டு மனத்தோடு இருந்த டக்ளஸ், அப்படியானால் சி.சி.எஃப். கட்சிக்கு (அப்போதைய சோஷலிசக் கட்சி) ஒரு வேட்பாளரைத் தந்துவிட்டீர்கள் என்று பதில் சொன்னாராம். 1935இல் வெய்பேர்ண் தொகுதியில் வென்று ஒட்டாவாவுக்குப் போனார். கல்வாரி சபையின் பீடத்தை விட்டு இறங்கினார்.

“ஊழியக்காரனுக்கு அரசியல் எதற்கு” என்று கேட்கும் ஐயாமார் அந்த மேலதிகாரியின் இடத்தில் தங்களை வைத்துப் பாருங்கள். மிரட்டித் தடுத்த ஆட்களைச் சரித்திரம் எப்படி நினைவு வைத்திருக்கிறது? பெயரில்லாமல், ஒரு நகைச்சுவைத் துணுக்காக.

அவரைப் புனிதராக்க நான் வரவில்லை. 1935இல் வெல்வதற்காகச் சோஷல் கிரெடிற் என்ற எதிர்க்கட்சியின் ஆதரவையும் அவர் ஏற்றுக்கொண்டார். சொந்தக் கட்சியே அவரைத் தூக்கி எறியப் பார்த்தது. அது பரவாயில்லை, அரசியலில் நடப்பது. பாரமான விசயம் வேறொன்று. 1933இல் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதிய முதுகலை ஆய்வேட்டில், வெய்பேர்ணின் ஏழைப் பெண்கள் சிலரையும் அவர்களின் பிள்ளை, பேரப்பிள்ளைகளையும் கணக்கெடுத்து, அறிவும் ஒழுக்கமும் குறைந்தவர்கள் என்று வகைப்படுத்தி, இப்படிப்பட்டவர்களைப் பிரித்து வைக்க வேண்டும், கருத்தடை செய்ய வேண்டும் என்ற இனமேம்பாட்டுக் கொள்கையை ஆதரித்து எழுதினார். நிவாரணம் கேட்டு வந்தவர்களுக்கு உடுப்புக் கொடுத்த அதே போதகர்! படித்தவர்கள் பலர் அந்தக் காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள் என்பது விளக்கம். மன்னிப்பு அல்ல.

ஆனால் தொடர்ச்சியைப் பாருங்கள். 1936இல் அவர் ஜேர்மனிக்குப் போய் ஹிட்லரின் ஆட்சியை நேரில் பார்த்தார். 1944இல் மாகாணத்தின் முதல்வராகிச் சுகாதார அமைச்சையும் தானே வைத்திருந்தபோது, கருத்தடைச் சட்டம் கொண்டுவரலாம் என்ற பரிந்துரைகள் மேசைக்கு வந்தன. அவர் ஒப்பவில்லை. மேற்கே அடுத்த மாகாணமான அல்பேட்டாவில் 1928 முதல் அந்தச் சட்டம் இருந்தது. 1972 வரை 2,800க்கு மேற்பட்டவர்கள் மலடாக்கப்பட்டார்கள். சஸ்காச்சுவானில் அப்படி ஒரு சட்டம் வரவே இல்லை.

அல்பேட்டாவைத் தொட்டுவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். உங்களில் இரண்டாவது பக்கத்தாருக்கு, அதாவது சபைகள் சேர்ந்து தூக்கிவிட வேண்டும் என்பவர்களுக்கு, இந்தப் பகுதி.

டக்ளஸ் வென்ற அதே 1935இல் அல்பேட்டாவில் இன்னொரு பிரசங்கியார் ஆட்சியைப் பிடித்தார். வில்லியம் ஏபர்ஹார்ட். கல்கரியில் உயர்பள்ளி அதிபர். முறைப்படி அபிஷேகம் பெற்றவர் அல்ல, ஆனால் கல்கரியில் ஒரு பப்ரிஸ்ற் சபையில் போதித்து, ஞாயிறுதோறும் வானொலியில் வேதவசனம் பேசி வீட்டுக்கு வீடு தெரிந்த குரல். 1932 முதல் அந்த வானொலிப் பிரசங்கத்துக்குள்ளேயே பொருளாதாரத்தையும் கலக்கத் தொடங்கினார். ஆட்சிக்கு வந்தால் வளர்ந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 25 டொலர் என்பது வாக்குறுதி. சனம் நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? உலக முடிவைப் பற்றிச் சொன்ன அதே குரல் அல்லவா சொல்கிறது. 63 தொகுதிகளில் 56ஐ அள்ளிக்கொண்டார். அந்த 25 டொலர் மாதாமாதம் யார் கைக்கும் வரவில்லை. 1937இல் பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அதே 1937இல் அவருடைய அரசு கருத்தடைச் சட்டத்தைத் திருத்தி, மனவளர்ச்சி குறைந்தவர்கள் என்று குறிக்கப்பட்டவர்களின் சம்மதம் தேவையில்லை என்று ஆக்கியது. அவருக்குப் பின் வந்த ஏர்னஸ்ற் மனிங் 1943 முதல் 1968 வரை முதல்வர். அந்தக் காலம் முழுக்க வானொலியில் பிரசங்கமும் செய்தார். கை சுத்தமானவர் என்று எதிராளிகளும் ஒத்துக்கொள்வார்கள். என்றாலும் அந்தச் சட்டத்தை அவர் தொடவில்லை.

இரண்டு பக்கத்து மாகாணங்கள், ஒரே பஞ்சம், ஒரே வேதம், கிட்டத்தட்ட ஒரே சபைப் பாரம்பரியம். ஒருவர் பீடத்தை விட்டு இறங்கி வந்து வாக்குக் கேட்டார். மற்றவர்கள் பீடத்தையே தூக்கிக்கொண்டு சட்டமன்றத்துக்குப் போனார்கள். வித்தியாசம் எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம் என்று நான் சாதிக்கவில்லை. அல்பேட்டாவில் எண்ணெய் கிடைத்தது, சஸ்காச்சுவானில் கூட்டுறவுச் சங்கங்கள் கிடைத்தன, வேறு காரணங்களும் உண்டு. ஆனால் சபையாரிடம் போதகர் பேசும்போது யாரும் எழும்பிக் கேள்வி கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தோடு ஒருவர் ஆட்சிக்குப் போனால், கேள்வி கேட்கிற பத்திரிகை அவருக்குத் தாங்க முடியாத ஒன்றாகிவிடுகிறது.

டக்ளஸைக் கேள்வி கேட்டவர்கள் தாராளம். 1944இல் 52 இடங்களில் 47ஐ வென்று, வட அமெரிக்காவில் முதல் சோஷலிச அரசை அமைத்தார். பதினேழு வருடம் முதல்வர். ஓய்வூதியக்காரருக்கு வைத்தியம், புற்றுநோய்க்கு இலவச சிகிச்சை, அரசாங்க வாகனக் காப்புறுதி, கிராமங்களுக்கு மின்சாரம், 1947இல் கனடாவிலேயே முதலாவதான உரிமைகள் சாசனம். அதே 1947 ஜனவரி முதலாம் திகதி ஆளுக்கு ஆண்டுக்கு 5 டொலர் கட்டினால் வைத்தியசாலைச் செலவு முழுவதும் அரசாங்கத்தோடு என்ற திட்டம். மருத்துவர் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்பதை 1959இல்தான் அறிவித்தார். அதாவது ஆட்சிக்கு வந்து பதினைந்து வருடம் கழித்து. அதுவரை கடனை அடைத்தார், கணக்கைச் சரி பார்த்தார். “விசுவாசத்தோடு காலை வைப்போம், கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்று கடனுக்குக் கட்டடம் கட்டும் கமிற்றிகள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம். இது இடையில் வந்த கதை, விடுங்கள்.

1962 யூலை முதலாம் திகதி, டக்ளஸ் மத்திய அரசியலுக்குப் போய்விட்ட பிறகு, வூட்ரோ லொயிட் முதல்வராக இருந்தபோது மருத்துவக் காப்புறுதி நடைமுறைக்கு வந்தது. அன்றே வைத்தியர்கள் வேலைநிறுத்தம். 23 நாள். பிரித்தானியாவிலிருந்து வைத்தியர்களை வரவழைத்துச் சமாளித்தார்கள். அந்த நாட்களில் ஒரு கத்தோலிக்கக் குருவானவர், கல்லூரி நடத்தி ஊரெல்லாம் மதிக்கப்பட்ட அதோல் மறே, திட்டத்தை எதிர்த்து இரத்தம் சிந்த நேரலாம் என்கிற அளவுக்கு வானொலியில் கொதித்துப் பேசினார். அந்தப் பக்கமும் அங்கி, இந்தப் பக்கமும் முன்னாள் அங்கி. அங்கியை வைத்து யார் சரி என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதற்கு முந்திய யூன் மாத மத்திய தேர்தலில் டக்ளஸ் றிஜைனாவில் தோற்றுப்போனார், பெரும்பாலும் இந்தக் கோபத்தால்தான். பிறகு பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஓர் இடைத்தேர்தலில் வென்று திரும்பினார். 1966இல் மத்திய பாராளுமன்றம் மருத்துவப் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. சஸ்காச்சுவானின் திட்டம் நாட்டின் திட்டமாயிற்று.

என் மனைவிக்கு நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தபோது வைத்தியசாலைக்கு நான் கட்டியது கார்த் தரிப்பிடக் காசு மட்டும். அந்த ரசீதுகள் கொஞ்ச நாள் காரின் முன்கண்ணாடி ஓரத்தில் கிடந்தன. உங்கள் சபைகளில் இதே கதையைச் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று ஒருமுறை கையை உயர்த்தச் சொல்லிப் பாருங்கள். சுகமளிக்கும் கூட்டத்தில் கிடைக்கும் சாட்சிகளைவிட அதிகமாக இருக்கும்.

இன்னொன்றும் நம் சனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1970 அக்டோபரில் கியூபெக் கடத்தல்களைத் தொடர்ந்து பிரதமர் பியர் ட்ரூடோ போர்க்கால அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தார். பிடியாணை இல்லாமல் கைது. நாட்டில் பெரும்பாலானோர் கைதட்டினார்கள். பாராளுமன்றத்தில் எதிர்த்து வாக்களித்தவர்கள் 16 பேர், அவர்களுக்குத் தலைமை, சி.சி.எஃப். வழிவந்த புதிய ஜனநாயகக் கட்சியின் தலைவராக இருந்த டக்ளஸ். வேர்க்கடலையை உடைக்கச் சம்மட்டியா என்று கேட்டார். வாக்குப் போகும் என்று தெரிந்தே கேட்டார். அவசரகாலச் சட்டமும் பயங்கரவாதத் தடைச் சட்டமும் என்னவென்று உடம்பால் அறிந்தவர்களுக்கு இதன் பெறுமதியை நான் விளக்க வேண்டியதில்லை. அவர் 1986 பெப்ரவரி 24இல் காலமானார். அதே ஆண்டு ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை மீனவர்கள் கரைசேர்த்தார்கள். அந்தப் படகுகளில் வந்தவர்களும் பிறகு வந்த நாமும் அனுபவிக்கும் வைத்தியம் அவர் போட்ட பாதையால் வந்தது. 2011இல் முதல் தமிழராக ராதிகா சிற்சபைஈசன் பாராளுமன்றம் போனதும் அவர் முதல் தலைவராக இருந்த அந்தப் புதிய ஜனநாயகக் கட்சியால்தான்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

தேர்தல் காலத்தில் நம் சபைகளில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். அறிவிப்பு நேரத்தில் பக்கக் கதவால் ஒருவர் வருவார், கோட்டு, சூட்டு, சால்வை. கமிற்றி ஐயா கையைப் பிடித்து முன்னுக்குக் கூட்டிக்கொண்டு போவார். போதகர் தலையில் கை வைத்து “இந்த மகனை உயர்த்தும் ஆண்டவரே” என்று செபிப்பார். பத்துப் பதினைந்து போன்கள் மேலே எழும்பும். அன்று பின்னேரமே அந்தப் படம் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும். வந்தவருக்கு மூன்றாம் பாட்டு வரைக்கும் இருக்க நேரமில்லை, அடுத்த இடத்துக்குப் போக வேண்டும், பெரும்பாலும் கோயிலுக்கு. அங்கே போய் நெற்றியில் திருநீறும் பூசிக்கொள்வார். அதில் பிழையில்லை, அவர் எல்லோருக்கும் வேட்பாளர். நம் சபை மட்டும் தனக்கென்று அவரைப் பிடித்துவிட்டதாக நினைத்துக்கொள்வதுதான் சிரிப்பு.

இது சட்டப்படியும் சிக்கல். கனடாவில் பதிவு செய்யப்பட்ட அறக்கட்டளையாக இருக்கும் எந்தச் சபையும் ஒரு கட்சியையோ வேட்பாளரையோ நேராகவோ மறைமுகமாகவோ ஆதரிக்கவும் கூடாது, எதிர்க்கவும் கூடாது. மீறினால் பதிவே போகலாம். வரிக்கழிவு ரசீது கொடுக்க முடியாமல் போகும். ஆனால் 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, கட்சி சாராமல் கொள்கையைப் பற்றி எவ்வளவும் பேசலாம். நாம் சரியாக அதைத் தலைகீழாகச் செய்கிறோம். ஆளைத் தூக்கி மேடையில் வைக்கிறோம், விசயத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை.

விசயம் இல்லாமலா போயிற்று? 2023 யூலை 24ஆம் திகதி ஸ்காபரோ ஆர்.ரி. ரயில் தடம் புரண்டது. அந்தப் பாதையை அதோடு மூடிவிட்டார்கள். மாற்றுப் பஸ்ஸுக்காகப் பனிக்குள் நிற்கும் அம்மாமார் உங்கள் சபை அம்மாமார்தான். ஆராதனைக்குப் பிந்தி வந்தால் முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்க்கிறீர்கள். ஏன் பிந்தினார்கள் என்று கேட்டீர்களா? மாநகரமே நேரடியாக நடத்தும் முதியோர் பராமரிப்பு இல்லங்கள் பத்து இருக்கின்றன. அங்கே தமிழ் தெரிந்த பணியாளர் எத்தனை பேர், சோறு கிடைக்கிறதா என்று எந்த வேட்பாளரிடம் எந்தச் சபை கேட்டது? 2018இல் ரொறன்ரோ நகரசபையை 47 இடங்களிலிருந்து 25ஆக வெட்டினார்கள். இப்போது ஒரு வட்டாரத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் சனம். ஒரு நகரசபை உறுப்பினரைக் கண்ணால் காண்பதே அருமை. இந்த நிலையில் அவர் வலிய வந்து நம் மண்டபத்தில் நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தையும் நாம் போட்டோ எடுத்தே முடித்துவிடுகிறோம்.

நிற்க நினைக்கும் அந்தத் தம்பிக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் போதகர் என்பதற்காக எனக்கு வாக்களிக்க முடியாது, தம்பி. செல்வநாயகம் ஐயா கிறிஸ்தவர். காங்கேசன்துறைச் சைவச் சனம் 1952இல் அவரைத் தோற்கடித்தது, பிறகு திரும்பத் திரும்ப வெல்ல வைத்தது. தோற்றதும் வென்றதும் அரசியலால்தான். 2006இல் மார்க்கத்தில் லோகன் கணபதியும் 2017இல் ரொறன்ரோவில் நீதன் சாணும் நகரசபைக்குப் போனது சபை வாக்காலோ கோயில் வாக்காலோ மட்டும் அல்ல. சீனரும் கறுப்பினத்தவரும் குஜராத்திகளும் வாக்களித்தார்கள். உங்கள் வட்டாரத்திலும் உங்கள் சபையார் ஒரு கைப்பிடிதான். மீதிச் சனம் “பாஸ்ரர்” என்று உங்களைக் கூப்பிடாது. கூப்பிடவும் விடாதீர்கள், வாக்குச்சீட்டில் உள்ள பெயரால் கூப்பிடட்டும். எதிர்த்து நிற்பவரும் யாரோ ஒரு சபையின் அங்கத்தவராக இருக்கலாம். அவருக்கு வாக்களிக்க நினைக்கும் உங்கள் சபை அங்கத்தவர் ஞாயிற்றுக்கிழமை உங்கள் கையால் அப்பமும் ரசமும் வாங்கும்போது கூச்சப்படக் கூடாது. அதற்காகத்தான் இறங்கி வரச் சொல்கிறேன்.

பப்ரிஸ்ற்களுக்கு இது அந்நியமான யோசனையும் அல்ல. அவர்களுடைய முன்னோடி தோமஸ் ஹெல்விஸ் 1612இல், அரசன் மனிதன்தான், ஆத்துமாக்கள் மீது அவனுக்கு அதிகாரமில்லை, எந்த மதத்தவனையும் அரசன் தண்டிக்கக் கூடாது என்று எழுதி, அதையே இங்கிலாந்து மன்னருக்கு அனுப்பி வைத்து, நியூகேற் சிறையில் செத்தார். அரசன் சபைக்குள் வரக் கூடாது என்று உயிரைக் கொடுத்த பாரம்பரியம் அது. சபை அரசனின் நாற்காலிக்குப் போவதும் அதே பிழையின் மறுபக்கம்தான்.

ஆகவே மே மாதத்துக்கு முன் நீங்கள் கூடும் போதகர் ஐக்கியக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள் என்று கேட்கிறேன். நம் போதகர்மாரில் யார் நின்றாலும், வேட்புமனு கொடுக்கும் நாளிலிருந்து முடிவு வரும் வரை பிரசங்கமும் திருவிருந்தும் வேறொருவர் நடத்தட்டும். அந்த மாதங்களுக்கு அவருடைய குடும்பம் பட்டினி கிடக்காமல் சபை சம்பளமுள்ள விடுப்புக் கொடுக்கலாமா என்று கணக்காளரையும் சட்டத்தரணியையும் கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் சம்பளமில்லா விடுப்பாவது கொடுங்கள், வேலையைப் பறிக்காதீர்கள். தோற்றால் திரும்பி வரட்டும். வென்றால் பீடத்தை ஒப்படைத்துவிட்டுப் போகட்டும்.

வேட்பாளர்கள் யாராக இருந்தாலும் ஆராதனை மண்டபத்துக்குள் வேண்டாம். ஒரு சனிக்கிழமை பின்னேரம் கீழே பேஸ்மென்றில் கதிரை போடுங்கள். வட்டாரத்தில் நிற்கும் எல்லோரையும் ஒன்றாகக் கூப்பிடுங்கள், பக்கத்துக் கோயில்காரருக்கும் பள்ளிவாசல்காரருக்கும் சொல்லுங்கள். செபத்தைச் சுருக்கமாக வைத்துவிட்டு ஒலிவாங்கியை அந்தப் பஸ் அம்மாமாரிடம் கொடுங்கள். தேநீரும் ரோல்ஸும் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து,
உங்கள் சபைகளில் ஒன்றின் அங்கத்தவன்